கதவு வேலை

விடியற்காலை கண் விழிக்கும்போதே ராகுலனுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு நாரி, அந்த இடுப்பு வலி, விடாது. முழங்காலை மடித்து, ஒரு பக்கமாகச் சரிந்து, கையை நிலத்தில் ஊன்றி, கிழட்டு மாடு எழும்புகிற மாதிரித்தான் எழும்ப முடிந்தது. இடுப்பிலிருந்து வலது கெண்டைக்கால் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுத்த மாதிரி ஒரு வலி. வலது பெருவிரல் மரத்துப்போய்ச் சில நாளாகிறது. அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனையில் அவர்களுக்கு ஒற்றை அறை. அதன் மூலையில் இருந்து சீதை சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். புருஷன் சுவரைப் பிடித்து நிற்கிறதைப் பார்த்தாள்.

"நேற்று கிளினிக்கில டொக்டர் என்ன சொன்னவர்? 'ஒண்டுமில்லை' எண்டு சொன்னீங்கள். ஒண்டுமில்லாத ஆள் சுவரைப் பிடிக்குமோ?"

"ஒரு மாசத்துக்குப் பாரம் தூக்கக் கூடாதாம்."

"தூக்கினா?"

"கால் விளங்காமப் போகுமாம்."

சீதை இடியப்ப உரலைக் கீழே வைத்துவிட்டாள். "இதை எனக்கு எப்ப சொல்ல இருந்தனீங்கள்?"

"இப்ப சொல்றன்தானே."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்த மனிசனோடு இப்படித்தான். பக்கத்து அறைப் பெண்கள், "உன்ட ஆள் என்ன, எங்களோட கோவமோ?" என்று கேட்பார்கள். கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. கதைக்கிறது அவனுக்கு ஒரு பாரம். மற்றவர்கள் கதைத்துத் தங்கள் களைப்பை இறக்கி வைப்பார்கள், இவன் கதைத்தால் களைத்துப்போவான். வேலை முடிந்து மோதரைக் கடலோரக் கல்லில் கொஞ்ச நேரம் தனியே குந்தியிருந்துவிட்டு வந்தால் முகம் தெளிந்திருக்கும். அதுதான் அவனுக்குச் சந்தோஷம். அதில் ஒரு பிழையும் இல்லை, நல்ல சம்பளமும் பூட்டி வைக்க ஒரு கதவும் உள்ள ஆளாயிருந்தால்.

"போய் நிலாம் நானாவிட்டக் கேளுங்கள். கதவு வேலையைத் தரச் சொல்லுங்கள். நான் போன் எடுக்கவோ?"

"வேண்டாம். நானே கேக்கிறன்."

ஐந்து லாம்புச் சந்திக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் அடைக்கப்பன் முதலாளியின் அரிசி, வெங்காய ஸ்டோர். அங்கே மூட்டை தூக்குகிற நாட்டாமைக் குழுவில் ராகுலன் பதினாறு வயதிலிருந்து ஒருவன். லொறி வந்தால் எல்லோரும் தலையிலும் தோளிலும் சுமப்பார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் வாசலில் நிற்பான். உள்ளே போகிற மூட்டையை எண்ணுவான், சிந்தினதைக் கூட்டுவான், லொறிக்காரர்களோடு சிங்களத்தில் வாய் கொடுத்து அவர்களைச் சமாளிப்பான். இந்த வேலைக்குக் கதவு என்று பெயர். கதவில் நிற்கிறவனுக்கும் சுமக்கிறவனுக்கும் ஒரே பங்கு. உடம்புக்கு முடியாமல் போகிறவன் சுகமாகும்வரை கதவுக்குப் போவான், அவன் மூட்டையை மற்றவர்கள் பிரித்துத் தூக்குவார்கள். முதலாளி போட்ட சட்டம் இல்லை இது, நாட்டாமைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது.

யாருக்கு உண்மையாக முடியாது என்று தீர்மானிக்கிறதும் அவர்கள்தான். டொக்டர் எழுதிக் கொடுக்கிற துண்டு அங்கே செல்லாது. துண்டு எங்கே, எப்படிக் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வலியைக் கண்ணால் காண வேண்டும்.

குழுவில் ஒருவனான ராசிக்குக்குக் கட்டி வந்தபோது அவன் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை நாய் எழும்பி ஓடியது. உடனே கதவு. இப்போது பேர்னாட் கதவில் நிற்கிறான், மணிக்கட்டுச் சுளுக்கு. சுளுக்கின அன்றைக்கு, "ஐயோ, என்ட மனிசியை இனி ஒற்றைக் கையாலதான் கட்டிப் பிடிக்கோணும்" என்று அவன் அழுத அழுகையில் எல்லோரும் வயிறு நோகச் சிரித்து, அவனைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் வாசல் ஸ்டூலில் இருத்தினார்கள். அந்தக் கிழமையெல்லாம் பேர்னாட்டின் மூட்டையில் பெரும்பங்கைச் சுமந்தது ராகுலன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அன்று காலை முழுக்க ராகுலன் நிலாமுக்குப் பக்கத்தில் போவதும் திரும்புவதுமாக இருந்தான். தேத்தண்ணி நேரத்தில்தான் நிலாம் நானாவே கூப்பிட்டார். குழுவுக்கு மூத்தவர் அவர்.

"என்ன மகன்? சும்மா சும்மா வந்து பாத்திட்டுப் போற?"

"நானா, நாரி கொஞ்சம்..."

"நம்மளில யாருக்கு நாரி நல்லா இரிக்கி? கொஞ்சமா, கூடவா?"

"கூட."

நிலாம் அவனை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு வருஷத்தில் இவன் வாயிலிருந்து 'கூட' என்று வந்தது இதுதான் முதல் தரம்.

"எனக்கு வெளங்குது. மத்தவனுகளுக்கு வெளங்கோணுமே. நீ ஒருத்தனோடயும் இரிந்து ஒரு டீ குடிச்சதில்ல. ராசிக்ட வாப்பா மௌத்தான நேரம் நீ மரண ஊட்டுக்கு வரல்ல எண்டு அவன் இண்டைக்கும் செல்றான்."

"வந்தனான். கதிரை எல்லாம் இறக்கினது நான்."

"இறக்கிட்டு?"

"போயிட்டன்."

"அதுதான் மகன். கதிரய வாடகக்காரனும் இறக்குவான். இரிந்து கதச்சவனத்தான் ஆக்கள் வந்ததாக் கணக்கெடுப்பாங்க." நிலாம் கோப்பையைக் கழுவி ஊற்றினார். "ஞாயித்துக்கெழம பேர்னாட்ட மகளுக்குச் சேர்ச்சில முதல் நன்மை. மட்டக்குளியில அவன்ட ஊட்டுல விருந்து. வா. வந்து இரி. தின். நாரி எப்பிடி எண்டு கேப்பானுகள், வாயத் தொறந்து செல்லு. திங்கக்கெழம கதவு விசயத்த நான் எடுக்கிறன். பேர்னாட்ட கை இப்ப நல்லம்தானே."

ஞாயிறு பின்னேரம் சீதை அவனுக்குச் சேர்ட் அயர்ன் பண்ணிக் கொடுத்து, பாடமும் எடுத்தாள். அவளுக்கு அன்றைக்குக் கடை ஓடர், போக முடியாது.

"பிள்ளை வடிவா இருக்கு எண்டு சொல்லுங்கள். சாப்பாடு நல்லம் எண்டு சொல்லுங்கள். நாரியைக் கேட்டா, 'இரவில நித்திரை இல்லை, கால் மரத்துப்போச்சு' எண்டு சொல்லுங்கள். சொல்லேக்க முகத்தைக் கொஞ்சம் சுருக்குங்கள். இப்ப சுருக்கிக் காட்டுங்கள் பாப்பம்."

அவன் கண்ணாடியைப் பார்த்துச் சுருக்கினான்.

"சிவனே! கக்கூசுக்குப் போக முட்டின மாதிரி இருக்கு." சீதை சிரித்தாள். அவனும் சிரித்தான். இந்த அறைக்குள் என்றால் அவனுக்குச் சிரிப்பு வரும்.

பேர்னாட்டின் வீடு தொடர்மாடியில் மூன்றாம் மாடி. நடைபாதை நீளத்துக்குக் கதிரை போட்டிருந்தார்கள். பைலாப் பாட்டு காதைப் பிளந்தது. வெள்ளைச் சட்டையும் தலையில் பூவளையமுமாகப் பிள்ளை ஒரு மூலையில் வியர்த்துக்கொண்டு நிற்க, பேர்னாட் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆடினான்.

"இந்தா வந்திட்டார் எங்கட ராகுலன் ஐயா! இவர்ட கலியாணத்தண்டு ரெஜிஸ்ட்ரார் 'சம்மதமோ' எண்டு கேட்டவர், இன்னும் பதில் வரேல்லையாம். அந்த மனிசன் பென்சனும் எடுத்திட்டுது!"

எல்லோரும் சிரித்தார்கள். ராகுலன் சொக்லேட் பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, சொல்லவேண்டியதை மறந்து, கரைக் கதிரை ஒன்றில் உட்கார்ந்தான். ராசிக் பக்கத்தில் வந்து குந்தினான்.

"நாரியாமே? நானா சென்னார்."

"ஓம்."

"எப்பிடி?"

வசனம் நாக்கில்தான் இருந்தது. இரவில் நித்திரை இல்லை, கால் மரத்துப்போச்சு. பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இருக்கு," என்றான்.

ராசிக் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மற்றப் பக்கம் இருந்த விக்ரமனோடு கிரிக்கெட் கதைக்கத் தொடங்கினான். விக்ரமன் குழுவில் இளையவன், எதற்கெடுத்தாலும் போனைத் தூக்கி வீடியோ எடுப்பான். நிலாம் நானா தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினார்: கதை, கதை.

அப்போதுதான் பேர்னாட் மைக்கோடு வந்து நின்றான். "இப்ப ராகுலன் ஒரு பாட்டுப் பாடுவான்! எல்லாரும் கை தட்டுங்கோ!"

தட்டினார்கள். விசில் அடித்தார்கள். "பாடு மச்சான்! ரெண்டு வரி! கெட்ட வார்த்தை எண்டாலும் பரவாயில்லை!" மைக் மூக்குக்கு முன்னால் நின்றது. ஐம்பது கிலோ மூட்டை தலையில் ஏறும்போது ஒருநாளும் பின்வாங்காத ராகுலன் கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தான். பேர்னாட் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆட்கள் சிரித்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும், மற்றவனுக்கும் அப்படித்தான் என்று அவன் நினைப்பு.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "புரியாணி வந்திட்டுது! லிப்ட் வேல செய்றதில்ல! தூக்க ஆள் வாங்க!"

முதலில் எழும்பியது ராகுலன். ஓடினான் என்றே சொல்ல வேண்டும். படியில் இறங்க இறங்கப் பாட்டும் விசிலும் தூரமாகப் போக, நெஞ்சு இலேசாகியது.

கீழே வேனுக்குப் பக்கத்தில் சமையல்காரர் மஹ்ரூப் நின்றார், வயசாளி, நல்ல தொந்தி. பெரிய புரியாணித் தேக்சி, ஒரு அலுமினிய அண்டா, மூடியை மாவால் ஒட்டிக் கட்டியிருந்தது. ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மஹ்ரூப் தேக்சியைப் படியில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார். "மகன், என்னால ஏலாது. இன்னொரு ஆளக் கூப்பிடு."

இன்னொரு ஆளைக் கூப்பிடுவது என்றால் மேலே போக வேண்டும். எல்லோருக்கும் முன்னால் நின்று வாயைத் திறக்க வேண்டும். மைக் அங்கே காத்திருக்கும்.

வேனிலிருந்து வந்த சாக்கு ஒன்று மஹ்ரூபின் தோளில் கிடந்தது. ராகுலன் அதை மடித்துத் தலையில் வைத்தான். "ஏத்தி விடுங்கோ," என்றான். வலி வந்தது, வரட்டும் என்று விட்டான். சுமை அவனுக்குத் தெரிந்த விஷயம். சுமைக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

நடைபாதைக்கு அவன் வந்தபோது பாட்டு நின்றது. ஒற்றை ஆளாக, ஒரு கையை மட்டும் கொடுத்து, ஆவி பறக்கிற தேக்சியைத் தலையில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் நடந்து வருகிறான். "அடேயப்பா!" என்றான் ராசிக். விக்ரமன் போனைத் தூக்கினான். எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் இந்தக் கூட்டம் அவனுக்குக் கை தட்டியது அன்றைக்குத்தான். அவனுக்கும் அது இனித்தது. சரி, இவர்களோடு இருக்க எனக்கும் ஒரு வழி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான், பாவி.

தட்டில் சோறு விழத் தொடங்கியதும் அவன் மெல்ல விலகிப் படியில் இறங்கினான். ஒரு மாடி இறங்குவதற்குள் வலது கால் தன்னுடையதாக இல்லை. படியில் இருந்தான். பிறகு எழும்ப முடியவில்லை.

சிகரெட் பற்ற வைக்க இறங்கிய பேர்னாட் அவனைக் கண்டான்.

"என்னடா, களவாப் புரியாணி திண்டிட்டு ஒளிச்சிருக்கிறியோ?"

ராகுலன் நிமிர்ந்து பார்த்தான். சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. பேர்னாட் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்து, கையைக் கொடுத்துத் தூக்கினான். ராகுலனின் கால் துணி மாதிரி இழுபட்டது. இரண்டு பேரும் சேர்ந்து விழப் பார்த்தார்கள்.

"டேய். உண்மையாவோ?"

"விரல் தெரியுதில்லை, பேர்னாட். டொக்டர் தூக்க வேண்டாம் எண்டவர். பாடச் சொன்னியள், அதுதான்... அதுதான் நான் ஓடி வந்தனான்."

இதுதான் அவன் பேர்னாட்டிடம் பேசிய ஆக நீளமான பேச்சு. பேர்னாட் பற்ற வைக்காத சிகரெட்டைச் சட்டைப் பையில் போட்டான். சிரிக்காதபோது அவன் முகம் வேறு யாரோவின் முகம் மாதிரி இருந்தது.

"பயப்பிடாதை. நாளைக்கு நான் சொல்றன். 'அவன்ட நாரி உண்மையாவே போயிட்டுது, என்ட வீட்டுப் படியில விழுந்து கிடந்தவன், நான் கண்ணால கண்டனான்' எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்றன். அந்தோனியார்மேல சத்தியம். எனக்கு வாய் இருக்குத்தானே. நீ சும்மா நிண்டாப் போதும்."

தாங்கிக்கொண்டு போய்த் திரீவீலில் ஏற்றி, காசும் அவனே கொடுத்தான். மேலே போய், "ராகுலனுக்கு மனிசியிட்ட இருந்து போன் வந்திட்டுது, ஓடிட்டான், மனிசிக்கு நல்ல பயம்" என்று ஒரு பகிடியும் விட்டான். ஆகவே வேறு ஒருவரும் காணவில்லை.

திங்கட்கிழமை முதல் லொறி வருவதற்கு முன்னால் நிலாம் பேச்சை எடுத்தார். எல்லோரும் மூட்டைகளில் இருந்தார்கள், பேர்னாட் மணிக்கட்டில் துணியோடு வாசல் ஸ்டூலில். ராகுலன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"நம்மட ராகுலனுக்கு நாரி ஏலாதாம். ஒரு மாசம் கதவக் கேக்கிறான். பேர்னாட்ட கை இப்ப சரி. என்ன செல்றீங்க?"

"ஏலாதா?" ராசிக் சிரித்தான். "நேத்து தனிய தேக்சி தூக்கினவனுக்குக் கதவா? அப்ப எனக்கு ஸ்டோருக்குள்ள கட்டில் போடுங்க!"

விக்ரமன் போனை நீட்டினான். போன் கைக்குக் கை போனது. தலையில் தேக்சியோடு ஒருவன் நிமிர்ந்து நடந்து வருகிறான், பின்னால் கைதட்டல். ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு ராகுலனைப் பார்த்தார்கள்.

"இதென்ன நாரி, எங்களுக்கும் தா அப்பிடி ஒண்டு!"

"கதவுக்கு வாய் வேணும். இவன் லொறிக்காரனோட சைகையிலயோ கதைக்கப் போறான்?"

நிலாம் அவன் பக்கம் திரும்பினார். "மகன், நானும் நேத்து கண்டன். இதுக்கு என்ன செல்ற?"

ராகுலன் பேர்னாட்டைப் பார்த்தான்.

பேர்னாட் வாயைத் திறந்தான். அவன் வாயைத் திறந்தாலே சிரிக்கிறதற்கு ஆயத்தமாக எல்லோருடைய முகமும் அவன் பக்கம் மலர்ந்து திரும்பியது. அந்த முகங்களைப் பார்த்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னால் அவை சுருங்கும். பிறகு ஸ்டூலை விட்டு எழும்ப வேண்டும், மணிக்கட்டுத் துணியை அவிழ்க்க வேண்டும், இவ்வளவு நாளும் சும்மா இருந்தாயா என்று யாராவது கேட்கவும் கூடும்.

"அவன் தேக்சியைத் தூக்கினது பாரத்துக்கில்லை, மச்சான். அடியில இருக்கிற இறைச்சிக்கு!"

ஸ்டோர் முழுக்கச் சிரிப்பு. நிலாம்கூட மீசைக்குள் சிரித்தார். பேர்னாட்டும் சிரித்தான். சிரித்து முடிந்ததும் தரையைப் பார்த்தான். இன்னும் நேரம் இருந்தது. லொறி ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது வந்து நிற்கும்வரை அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப பேர்னாட் இன்னும் ஒரு கெழம கதவில இரிக்கட்டும்," என்றார் நிலாம். "மகன், நீ எளிய மூட்டையாப் பாத்துத் தூக்கு."

எளிய மூட்டை என்று ஒன்று இல்லை. ராகுலன் தலைத்துணியை மடித்தான். அவனும் வாயைத் திறந்திருக்கலாம். சீதை அன்றிரவு அதைத்தான் கேட்டாள், கேட்டுக் கேட்டு அழுதாள். வாயைத் திறக்கிறது எல்லோருக்கும் ஒரே பாரம் என்று நினைக்கிறவர்களுக்கு அதை விளங்கப்படுத்த முடியாது.

அந்தக் கிழமை முடியுமுன், வெங்காய மூட்டையோடு லொறிப் பலகையில் இறங்கும்போது அவன் வலது கால் விட்டுவிட்டது. விழுந்தபோதும் அவன் சத்தம் போடவில்லை. மூட்டை வெடித்து வெங்காயம் ஒழுங்கை முழுக்க உருண்டது. முதலில் எல்லோரும் வெங்காயத்தைத்தான் பொறுக்கினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் முதுகைக் கீறி ஒப்பரேசன் செய்தார்கள். நரம்பு நசிந்து நாளாகிவிட்டது என்றார்கள். பாதம் இனித் தூக்காது, இழுத்துத்தான் நடக்க வேண்டும், பாரத்தை மறந்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு குழு முழுக்கப் பார்க்க வந்தது. அப்பிள், திராட்சை, மோல்ட் மா டின். ஒற்றை அறைக்குள் இடமில்லாமல் வாசலிலும் நின்றார்கள். "சென்னாத்தானே மகன் தெரியும்," என்றார் நிலாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு சத்தம் போட்டிரிந்தா நாங்க உட்டிரிப்பமா?" மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சொல்லச் சொல்ல அது அவன் பிழையாகவே ஆகிப்போனது.

பேர்னாட் கட்டில் காலடியில் இருந்தான். அறை கனத்துப் போனதை அவனால் தாங்க முடியவில்லை. ஒரு பகிடி விட்டான். பிறகு இன்னொன்று. நேர்ஸ்மாரைப் பற்றி, முதலாளியின் புதுப் பல் செட்டைப் பற்றி. தேக்சிக் கதையையும் சொன்னான், மஹ்ரூப் நெஞ்சைப் பிடித்ததை நடித்துக் காட்டினான், ராகுலன் நடந்த நடையை நடந்து காட்டினான். எல்லாவற்றையும் சொன்னான், இரண்டாம் மாடிப் படியை மட்டும் விட்டுவிட்டு. அறை சிரித்தது. பல நாளைக்குப் பிறகு சீதையும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அதைக் கண்டு ராகுலனும் சிரித்தான்.

பக்கத்து அறைப் பெண் வாசலில் நின்று சொன்னாள்: "எவ்வளவு நல்ல ஆக்கள். இப்பிடி நாலு பேர் வந்து போனாலே பாதி வருத்தம் மாறிடும்."

எல்லோரும் இறங்கிப் போனார்கள். பேர்னாட் கடைசியாக நின்று ராகுலனின் தோளில் கை வைத்தான். மணிக்கட்டில் துணி இல்லை. நிலாமும் ராசிக்கும் வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள், கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"நீ எழும்பி வா, மச்சான். கதவு உனக்குத்தான்."

ராகுலன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பேர்னாட் கையை எடுத்தான், வெளியே போனான், படலையடியில் அவன் சொன்ன எதற்கோ எல்லோரும் சிரித்தது உள்ளே கேட்டது.

இனிக் கதவை யார் கேட்டது? பேர்னாட் தர வேண்டியது ஒரு வசனம். 'அவன்ட நாரி உண்மையாவே போயிட்டுது, என்ட வீட்டுப் படியில விழுந்து கிடந்தவன், நான் கண்ணால கண்டனான்.' அந்தோனியார்மேல் சத்தியம் பண்ணி, எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன் என்று அவன் ராகுலனிடம் பட்ட கடன் அது. இன்னும் தரவில்லை.